கல்லாச் சாவியும் கைமாற்றும்

கேள்வி: ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையில் ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இதுவரை ஒரு ரூபாய் தவறியதில்லை. காசாளர் இடம் காலியானபோது எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் மேனேஜர் மழுப்புகிறார். நான் செல்போன் ஆப்பில் கடன் வாங்கியதும், அவர்கள் இரண்டு முறை ஆபீஸுக்கு போன் செய்ததும் உண்மை. கூட வேலை செய்பவர்களிடம் கைமாற்று வாங்குவேன், திருப்பியும் கொடுத்துவிடுவேன். ஆறு மணிக்கு மேல் என் வாழ்க்கை என் சொந்த விஷயம் இல்லையா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தம்பி, யாரைக் கல்யாணம் செய்கிறீர்கள், கோயிலுக்குப் போகிறீர்களா என்பதை வைத்து உங்களை எடைபோட்டிருந்தால் நானே உங்களுக்காகச் சண்டைக்கு வருவேன். ஆனால் பணத்தைத் தொடுகிற வேலையில் கடன் அந்தக் கணக்கில் சேராது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு காசாளர் இருந்தார். கணக்கில் புலி. ஆனால் தேதி இருபதைத் தாண்டினால் பியூனிடம்கூட, "இருநூறு இருக்கா? ஒண்ணாந்தேதி தர்றேன்" என்பார். சொன்னபடி கொடுத்தும் விடுவார். ஒருநாள் சாயங்காலம் இருப்பில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் சட்டைப்பை வரை போய்த் திரும்பியது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு நூறு ரூபாய்க் கட்டில் நூற்றைந்து தாள்! அன்றைக்கு அவர் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

உங்கள் மேனேஜரும் அப்படியொரு சாயங்காலத்தை நினைத்துத்தான் தயங்கியிருப்பார். நேரே சொல்லாமல் மழுப்பியது அவர் தப்பு.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்ததை, 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். தவணை தவறிய மாதங்கள் அதில் 36 மாதம் வரை தெரியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சின்னக் கடன்களை முதலில் அடைத்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் ஆப்புகள் உங்கள் போனில் உள்ள மற்றவர்களின் எண்களை எடுக்கக் கூடாது, வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மிரட்டல், மோசடி ஆப் என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.

கைமாற்றை மட்டும் இன்றோடு விடுங்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கேட்டு நின்றதுதான் இருக்கும்.

அப்புறம், ஒரு தாளில் "கடன் இவ்வளவு, இன்ன மாதத்தில் முடியும்" என்று எழுதி மேனேஜரிடம் காட்டுங்கள். காசாளர் பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.