கோவா திரைப்பட விழாவில் நட்சத்திரங்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் எங்கள் தேன்மெழுகு லிப் பாமைக் கொடுத்து விளம்பரம் தேடலாமா? நாங்கள் நீலகிரியில் சிறிய அளவில் செய்கிறோம்.

தாராளமாகப் போங்கள். கோத்தகிரியில் நானும் இதே தொழில்தான், விழாக்களுக்கும் போயிருக்கிறேன். ஆனால் நட்சத்திரத்தைத் துரத்தாதீர்கள். அவருடைய மேக்கப்மேனைப் பிடியுங்கள்.

பெயர் பெற்ற நடிகைகள் பலர் ஏதாவதொரு அழகுசாதன நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருப்பார்கள். வேறு கம்பெனி டப்பாவைக் கையில் பிடித்துக்கூட நிற்க முடியாது. அதோடு, சிவப்புக் கம்பளத்தில் நடக்கப் போகிற நேரத்தில் முன்பின் தெரியாத ஒன்றை யார் பூசிக்கொள்வார்கள்? எது படலாம், எது கூடாது என்று சொல்வது மேக்கப் போடுபவர்தான். அவர் பெட்டிக்குள் நம் டப்பா ஒன்று போய்விட்டால் படத்துக்குப் படம் கூடவே போகும்.

அவரைப் பார்க்க கோவா வரை போகவும் வேண்டாம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஷூட்டிங் வந்துகொண்டுதானே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலை ஷாட்டுக்கு நிற்பவர்களுக்கு உதடு வெடித்து, லிப்ஸ்டிக் திட்டுத் திட்டாக நிற்கும். நம் பாம் என்ன செய்கிறது என்பதை அந்த இடத்தில் அவரே பார்த்துவிடுவார். விழாவில் போய், "அண்ணே, ஊட்டி ஷூட்டிங்கில் பார்த்தோமே" என்றால் போதும். ஹோட்டலில் கிஃப்ட் மேசை போட இடம் தருவதாகச் சொல்லி பி.ஆர். ஆட்கள் கேட்கிற பணம் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

அடுத்தது சரக்கு. இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நம் ஊர்க் குளிரில் கட்டியாக, விரலுக்கு இதமாக இருக்கிற பாம், நவம்பர் மாத கோவாவில் காருக்குள்ளேயே கூழாகும். ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) சேர்த்திருந்தால் மெதுவாகத் திரும்ப இறுகும்போது ரவை ரவையாகத் திரண்டு, உதட்டில் நறநறக்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேண்டும். அதனால் கீழே போகிற சரக்குக்கு மெழுகைக் கூட்டி, எண்ணெயைக் குறைத்துத் தனியாக ஊற்றுங்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய ஹேம்பர் எதற்கு? ஒரு டப்பா, ஒரு பக்கக் குறிப்பு. மெழுகு எந்தக் காட்டிலிருந்து வந்தது, யார் எடுத்தது என்பது அதில் இருக்கட்டும். நம் மலைப் பழங்குடிகளான குறும்பர்கள் பாறையில் இறங்கித் தேன் எடுப்பதைப் பற்றி எழுத அவர்களுக்கே ஆசை வரும். ஆனால் அந்த மனிதர்களின் படத்தையோ பெயரையோ அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். கேட்டுப் போட்டால், விற்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு போகட்டும்.

லேபிளில் உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானங்கள் எல்லாம் 2020 அழகுசாதன விதிகளின்படி இருக்க வேண்டும். "வெடிப்பைக் குணமாக்கும்" என்று எழுதினால் மருந்துக் கணக்கில் போய்விடும். இலவசமாக வாங்கி இன்ஸ்டாகிராமில் போடுபவர், இலவசமாக வந்தது என்று சொல்லித்தான் போட வேண்டும். ஒரே ஆளுக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் போனால் 10 சதவீத டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வருமான வரி) வரலாம், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், நடிகரோடு எடுத்த செல்ஃபியை விளம்பரமாக்க வேண்டாம். தன் பெயரைப் பயன்படுத்திய ஒரு படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையே வாங்கியிருக்கிறார். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு போடுங்கள்.