‘டிக்’ சத்தம் கேட்கிறதா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி கடல்குதிரை வாங்கிக் கொடுத்தோம். பண்ணையில் பிறந்து வளர்ந்தவை என்று கடையில் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் பெண் குதிரை இறந்துவிட்டது. தனியாக இருக்கிறானே என்று இரண்டு கோமாளி மீன்களை வாங்கி விட்டோம். இப்போது ஆண் குதிரை (மகள் வைத்த பெயர் முத்து) நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துப் போட்டால் கிட்டே வந்து பார்க்கிறான், மூக்கை நீட்டுகிறான், அப்புறம் திரும்பிக்கொள்கிறான். மூக்கு நுனி கொஞ்சம் வெளுத்திருக்கிறது. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட். மருந்து வாங்கி ஊற்றிப் பார்க்கட்டுமா? — ஒரு வாசகி

பதில்: ஊற்றாதீர்கள். நோய் என்னவென்று தெரியாமல் தொட்டியில் மருந்தைக் கலந்தால், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு ஏறும். இருக்கிற நோயோடு இன்னொன்றையும் நாமே வரவழைத்த கதையாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, “மூக்கை நீட்டுகிறான், அப்புறம் திரும்பிக்கொள்கிறான்” என்பதுதான். உணவைப் பார்க்கவே பார்க்காத குதிரை வேறு, பார்த்து ஆசைப்பட்டும் சாப்பிட முடியாத குதிரை வேறு. முத்து இரண்டாவது வகை என்று தோன்றுகிறது. உறுதி செய்துகொள்ள, இன்று உணவு போடும்போது வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் காதை வையுங்கள். கடல்குதிரைக்குப் பல் கிடையாது. தலையைச் சட்டென்று நிமிர்த்தி, குழாய் மூக்கால் இரையைத் தண்ணீரோடு உறிஞ்சும். அப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், விரல் நகத்தைச் சொடுக்கினாற்போல. முதல் தடவை கேட்டபோது தொட்டிதான் விரிசல் விட்டுவிட்டதோ என்று பயந்தவன் நான். டிக் பலமாகக் கேட்டும் இரை உள்ளே போகவில்லை, அல்லது சத்தமே வராமல் மூக்கு மட்டும் அசைகிறது என்றால் கோளாறு மூக்கில். நுனி வெளுத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே நோய்த்தொற்று தொடங்கியிருக்கலாம். அது விப்ரியோ மாதிரி பாக்டீரியாவா பூஞ்சையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, பேசிவிடுங்கள். நாய், பூனை பார்க்கிற உங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டால் யாரிடம் போகலாம் என்று சொல்வார். மூக்கை மொபைலில் கிட்டத்தில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. கடல்குதிரைக்கு இரைப்பையும் கிடையாது. தின்றது கிடுகிடுவென்று குடல் வழியே போய்விடும், சேமித்து வைக்க இடமில்லை. அதனால்தான் வளர்ந்த குதிரைக்கே தினம் இரண்டு வேளையாவது போட வேண்டியிருக்கிறது. நான்கு நாள் பட்டினி என்பது ஒரு தங்கமீனுக்குப் பெரிய விஷயமில்லை, இதற்குப் பெரிய விஷயம். முத்துவின் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். எலும்பு வளையங்களுக்கு நடுவே தோல் உள்வாங்கி, வரிவரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கடல்குதிரையில் வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமப்பது ஆண். குட்டி போடுவதற்குச் சற்று முன் அது ஒரு நாள் போலச் சாப்பிடாமல் இருப்பது உண்டு. சுமக்கும் காலம் இனத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரம். பெண் குதிரை இறந்து மூன்று வாரம் என்கிறீர்கள், கணக்கு ஒத்துப்போகிறது! பை பருத்திருக்கிறதா என்று பாருங்கள். பை பருத்து, வால் மேலே தூக்கி, கீழே இறங்க முடியாமல் மிதந்தால் அது கர்ப்பமாக இல்லாமல் பையில் காற்று சேர்ந்ததாகவும் இருக்கலாம். அதற்கும் மருத்துவர்தான். ஆனால் நான்கு நாள் பட்டினியும் வெளுத்த மூக்கும் பிரசவத்துக்குப் பொருந்தவில்லை.

அடுத்து அந்த 80 டிகிரி. வெப்பமண்டல மீன் என்று கடையில் சொல்லியிருப்பார்கள், அது பவழப்பாறை மீன்களுக்குச் சரி. கடல்குதிரை வளர்ப்பவர்கள் பலரும் 70 முதல் 74 வரைதான் வைப்பார்கள், ஏனென்றால் விப்ரியோவுக்குச் சூடு ரொம்பப் பிடிக்கும். என் கணக்கில் உங்கள் வீட்டு முதல் குற்றவாளி அந்த ஹீட்டர்தான். அதைச் சட்டென்று அணைக்காதீர்கள். நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் இறக்கி, 72-இல் நிறுத்துங்கள். வீடே சூடாக இருந்தால், தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் சில டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதற்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரை ஊற்றுங்கள், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நிற்கும்.

இரண்டாவது குற்றவாளிகள் கோமாளி மீன்கள். கெட்டவர்கள் இல்லை, வேகமானவர்கள். கடல்குதிரை பந்தியில் கடைசியாக வந்து, இலையை நிதானமாகப் பார்த்து உட்காரும் ஆள். ஒரு கண்ணால் ஒரு இறாலையும் இன்னொரு கண்ணால் வேறொன்றையும் பார்த்து, எது வேண்டும் என்று முடிவு செய்வதற்குள் கோமாளிகள் இலையைக் காலி செய்திருப்பார்கள். முத்துவைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பத்து காலன் போதும். பழைய தொட்டித் தண்ணீரையே நிரப்பி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாலைச் சுற்றிப் பிடிக்க இரண்டு பிளாஸ்டிக் செடி. பிடிக்க ஒன்றுமில்லாவிட்டால் அதற்கே சோர்ந்துபோகும். தினமும் அம்மோனியா பரிசோதித்து, கொஞ்சம் ஏறினாலும் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். வலையில் பிடிக்காமல் ஈரக் கையாலோ கிண்ணத்தாலோ தண்ணீரோடு அள்ளுங்கள்.

உணவுக்கு இப்போதைக்கு உறைந்ததை விட்டுவிட்டு உயிருள்ளதைக் கொடுங்கள். ஆடுகிற இரையைப் பார்த்தால்தான் இதற்கு ஆசை வரும். உயிருள்ள மைசிஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்னக் கண்ணாடி இறால். ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலை அப்படியே போட்டால் வெறும் பொரி தின்ற மாதிரிதான், சத்துக் கரைசலில் ஊறவைத்துப் போடுங்கள். மூக்கில் புண் இருப்பதால் சிறியதாகப் பொறுக்கிப் போடுங்கள். தின்னாததை ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மூக்கில் குழாய் விட்டு ஊட்டுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதை மருத்துவர் கையில் பிடித்துக் காட்டிய பிறகு செய்யலாம், அதற்கு முன் வேண்டாம்.

பண்ணைக் குதிரை என்று கடைக்காரர் சொன்னதற்கு ரசீதில் ஏதாவது எழுத்து இருக்கிறதா? கடலில் பிடித்ததாக இருந்தால் உறைந்த உணவை அதற்கு உணவென்றே தெரியாது, குடலில் ஒட்டுண்ணியும் இருக்கலாம். மருத்துவர் இதைத்தான் முதலில் கேட்பார். (நம்மூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 2001 முதல் கடல்குதிரை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பாக் நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ வலையில் சிக்கியதை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.)

ஜோடியை இழந்த துக்கத்தில் சாப்பிடவில்லையா என்று மகள் கேட்பாள். பல கடல்குதிரை இனங்கள் தினமும் காலையில் நிறம் மாறி, வால்களைப் பிணைத்து ஜோடியோடு சுற்றி ஆடும், அது இல்லாமல் போனால் மந்தமாவது உண்டு. ஆனாலும் இங்கே மூக்கும் சூடும் இருக்க, துக்கத்தின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேளாவேளைக்குத் தண்ணீர் வெப்பம், போட்ட இறால் எத்தனை, கேட்ட டிக் எத்தனை என்று எழுதட்டும். மருத்துவருக்கு அந்த நோட்டு உங்கள் ஞாபகத்தைவிட உதவும். முத்து தேறினால் பழைய தொட்டிக்கே திரும்பலாம். கோமாளிகளுக்குத்தான் வேறு வீடு பார்க்க வேண்டும்.