டோனி பென் தேர்தலில் தோற்காமலேயே எம்.பி. பதவியை இழந்தது எப்படி?

அப்பா இறந்துபோனார், அதுதான் காரணம். பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த பென் 1950 முதல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி எம்.பி. அவருடைய தந்தை ஸ்டான்ஸ்கேட் பிரபு 1960 நவம்பரில் காலமானதும் பட்டம் தானாக மகன் தலையில் வந்து விழுந்தது. பிரபு என்றால் இடம் பிரபுக்கள் சபையில்தான், மக்களவையில் உட்கார முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் சட்டத்தில் வழியில்லை.

பென் விடவில்லை. 1961 மே மாத இடைத்தேர்தலில் நின்று 13,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அவைக்குள் நுழையப்போனவரை வாயிற்காவலர் தடுத்துவிட்டார். தேர்தல் நீதிமன்றமோ, தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேரிடம் தொகுதியைக் கொடுத்தது. வாக்காளர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

1963 ஜூலை 31-ல் பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது. அன்று மாலையே பென் துறந்தார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். பென்னுக்குத் தடை நீங்கினால் விலகுவதாகச் சொன்ன சொல் தவறாமல் செயின்ட் கிளேர் விலகினார் (அந்த மனிதரையும் பாராட்டத்தான் வேண்டும்). ஆகஸ்டு இடைத்தேர்தலில் பென் மீண்டும் எம்.பி. ஆனார்.

பிறகு அஞ்சல், தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி எனப் பல துறைகளின் அமைச்சர். 1981-ல் கட்சித் துணைத் தலைவர் போட்டியில் டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். 1983-ல் பிரிஸ்டலும் கைவிட்டது. அடுத்த ஆண்டே செஸ்டர்ஃபீல்டு தொகுதி அவரை மீண்டும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. 2001-ல் ஓய்வுபெற்றபோது, அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்கவே நாடாளுமன்றத்தை விட்டுப் போவதாகச் சொன்னார்.