பட்டறையில் நிலைகொள்ளாத பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு நடத்துறேனுங்க. ரெண்டு பசங்க வைஸ் (இரும்புத் துண்டை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி) முன்னால பத்து நிமிஷம் நிக்கறதில்லை. அளக்காமலே அறுத்துப்போடறாங்க. ஆனா செல்போன்ல மூணு மணி நேரம் அசையாம விளையாடறாங்க. அப்ப இது வேஷம்தானுங்களே?
– பயிற்றுநர், பொள்ளாச்சி

பதில்: வேஷம் இல்லை. ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் கோளாறு உள்ளவர்களிடம் கவனம் உண்டு. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. செல்போன் விளையாட்டு நொடிக்கு நொடி சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. அரமோ, அரை நாள் ராவிய பிறகு மட்டம் வைத்துப் பார்த்தால்தான் ‘நடு மேடு’ என்று காட்டுகிறது. அதற்குள் பையன் கதவுப் பக்கம் போய்விடுகிறான்.

பிரஷ்யன் புளூ என்கிற நீலச் சாயத்தை எடுங்கள். முரட்டு ராவல் முடிந்ததும், சர்ஃபேஸ் பிளேட்டில் (மட்டம் பார்க்கும் சமதளப் பலகையில்) அதை மெல்லிசாகத் தடவி, ஜாப்பை, அதாவது ராவும் துண்டை, அதன்மேல் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ராவிவிட்டு மறுபடி தேய்க்கட்டும். நீலப் புள்ளிகள் துண்டின் முகம் முழுக்கப் பரவப் பரவ மட்டம் கூடிவருவது அவன் கண்ணுக்கே தெரியும். கெட்டியாகத் தடவினால் பள்ளத்திலும் ஒட்டி ஏமாற்றும்.

நடு மேடு விழுவது ஏன் என்பதையும் கையைப் பிடித்தே காட்டுங்கள். தள்ளத் தொடங்கும்போது இடது கை அழுத்தமும், முடியும்போது வலது கை அழுத்தமும் கூட வேண்டும். அவசரக்காரன் அதை மாற்றுவதில்லை. அரம் ஏற்றப்பலகை மாதிரி ஆடுகிறது. ‘ஒண்ணு’ என்று தள்ளி, ‘ரெண்டு’ என்று அழுத்தாமல் இழுக்கச் சொன்னால் வேகம் தானாகக் குறையும்.

ஐந்து வேலையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். 50 மி.மீ. சதுரத் துண்டு என்றால் முதலில் ஒரு முகம் மட்டம், அவ்வளவுதான். பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அடுத்த விளிம்பு 90 டிகிரி, பிறகு மார்க்கிங், பஞ்ச். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல் ‘செஞ்சு காட்டு’ என்று கேளுங்கள். நம் பக்கம் ‘புரிஞ்சுதுங்க சார்’ என்பது எல்லாக் கேள்விக்கும் பதில். பக்கத்து வைஸ்காரர் அளந்து சாக்பீஸால் டிக் போட்ட பிறகே ஹாக்ஸாவை (இரும்பு அறுக்கும் ரம்பத்தை) தொட வேண்டும். இந்த விதி வகுப்புக்கே இருக்கட்டும். இரண்டு பேருக்கு மட்டும் என்றால் அது தண்டனை.

அந்த இரண்டு பேரின் வைஸை வாசலையும் கிரைண்டரையும் விட்டுத் தள்ளி, உங்கள் பார்வையில் வையுங்கள். டூல் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கால் துறுதுறுக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) மட்டும் சலுகை கூடாது. சக் என்பது துண்டைக் கவ்விச் சுழலும் பகுதி; அதை இறுக்கும் சாவியான சக் கீயை சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போட்டால் அது பறந்து வந்து அடிக்கும். ‘கீ கையில், இல்லை கொக்கியில்’ – மூன்றாவது இடம் கிடையாது. ஸ்பிரிங் வைத்த சக் கீ கிடைக்கிறது. கையை எடுத்ததும் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: என் மக திருப்பூர்ல தையல் பயிற்சிக்குப் போறா. துறுதுறுப்பெல்லாம் இல்லீங்க, கனாக் கண்ட மாதிரி உக்காந்திருப்பா. ஓவர்லாக்ல (துணி ஓரம் தைக்கிற மெஷின்ல) நூல் கோத்தா ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகுது. ‘மந்தம்’னு சொல்றாங்க.
– ஒரு தாய், அவிநாசி

பதில்: ஓடியாடாத கவனக் குறைவும் உண்டு, பெண் பிள்ளைகளிடம் இது பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. நூல் அறுவதற்குப் பெரும்பாலும் வரிசைதான் காரணம். மேல் லூப்பர், கீழ் லூப்பர் (ஊசியோடு சேர்ந்து நூலைப் பின்னும் கொக்கிகள்), கடைசியில் ஊசி. ஊசியை முதலில் கோத்தால் கீழ் லூப்பர் நூல் அதோடு சிக்கி, இரண்டு தையலில் அறுந்துவிடும். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிற நூல் போட்டு, அது நுழையும் கைடுகளில் அதே நிறப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் பழைய நூலோடு புதுநூலை முடிந்து இழுத்துக்கொள்வதே போதும் (முடிச்சு ஊசிக் காதுக்கு வருமுன் வெட்டிவிட வேண்டும்). கோர்ப்பதைத் தனியாக, சுவிட்சை அணைத்துவிட்டுப் பழகட்டும். பீஸையும் ஐந்தைந்தாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐம்பது பீஸ் கட்டைப் பார்த்தாலே மனசு பறந்துவிடும்.

கேள்வி: டாக்டரிடம் காட்டணுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, வகுப்பு என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தொல்லை தந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416-ல் டெலி மானஸ் என்கிற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை இலவசமாகக் கூப்பிடலாம். அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: பையன் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறானா? மில்லில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவனுக்கு முதலில் வேண்டியது தூக்கம். மாத்திரை கொடுக்கச் சொல்வதோ நிறுத்தச் சொல்வதோ ஆசிரியர் வேலை அல்ல. எத்தனை மணிக்குக் கவனம் தளர்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பெற்றோரிடம் கொடுத்தால், டாக்டருக்கு அது உதவும்.