செயலிகள் வந்த பிறகு உங்கள் அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே மாறியது எது?

நேரம் வீணாவது, கண் எரிவது, தூக்கம் கெடுவது பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். என் விஷயத்தில் மாறியது வேறு. நான் பொய் சொல்வது குறைந்துவிட்டது. திருந்தியதால் அல்ல, சொல்ல வழியில்லாமல் போனதால்.

பெரிய பொய்யெல்லாம் இல்லை. குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கும்போது போன் வந்தால் "இதோ, பாதி வழி வந்துட்டேன்" என்போமே, அந்த ரகம். கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் விட்டுவிடுவார், நாளைக்கு அவரும் அதையேதான் சொல்லப்போகிறார். 2017 அக்டோபரில் வாட்ஸ்அப்பில் நேரலையாக இருப்பிடம் பகிரும் வசதி வந்தது: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம், எது வேண்டுமோ அது. இப்போதெல்லாம் நண்பன் "எங்கடா இருக்க?" என்று கேட்பதே இல்லை. "லொகேஷன் போடு" என்கிறான். போட்டால், வரைபடத்தில் என் முகம் என் வீட்டுக் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கும்.

செய்தியைப் படித்துவிட்டோம் என்று காட்டிக்கொடுக்கும் நீல டிக் அதற்கும் முன்பே, 2014 நவம்பரில் வந்துவிட்டது. ஒருநாள் ராத்திரி அக்கா நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். படித்தேன். நிதானமாகப் பதில் எழுதலாம் என்று வைத்தவன், வேறு எதையோ பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். காலையில் கூப்பிட்டு, "நேத்து போன்ல சார்ஜ் இல்லக்கா" என்று ஆரம்பித்தேன்.

"10:40-க்குப் படிச்சிருக்க. 11:30 வரைக்கும் ஆன்லைன்ல இருந்திருக்க. சார்ஜ் இல்லாமலா?"

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், படித்த நேரத்தை நிமிடம் வரை காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உடனே நீல டிக்கை அணைத்தேன். (வந்த புதிதில் அணைக்க வழியில்லை. பலரும் முணுமுணுத்த பிறகு கொடுத்தார்கள். அணைத்தால் மற்றவர்கள் படித்ததும் நமக்குத் தெரியாது. குழுக்களில் அணைத்தும் பயனில்லை.) இரண்டே நாளில் அக்கா கேட்டாள்: "எதை மறைக்கிற?" முன்பு நான் படித்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. இப்போது தெரியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசாமல் திரும்பப் போட்டுவிட்டேன்.

மனிதர்களிடம் பொய் எடுபடாததால், இயந்திரத்திடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அலுவலகச் செயலிகளில், ஆள் வேலையில் இருப்பதாகக் காட்ட பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணையாமலிருக்க, மவுஸைத் தானாக அசைக்கும் கருவியே விற்கிறது. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. இந்தக் கலையில் என் ஓட்டு ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கெர்ட்டுக்குத்தான். பெர்லினில் 99 போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் போட்டு, காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். அத்தனை போன்களும் ஊர்ந்து நகர்வதைப் பார்த்த கூகுள் மேப்ஸ், நெரிசல் என்று நம்பித் தெருவைச் சிவப்பாக்கியது. 2020-ல் அவர் அதை வெளியிட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு திருப்பம் தாண்டிய பிறகுதான் லொகேஷன் அனுப்புகிறேன். அதுவரை "நெட் ஸ்லோவா இருக்குடா." அந்த ஒன்று மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.