தானே புயலில் சாயாத பலாமரம்: ஒட்டுக்கட்டினால் அந்த உறுதி கன்றுக்கும் வருமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் எனக்கு மூன்று ஏக்கர் செம்மண் மேடு. 2011 தானே புயலில் முந்திரி, பலா எல்லாம் போயிற்று. கிணற்றடியில் தாத்தா வைத்த ஒரு பலா மட்டும் சாயாமல் நின்றது, இன்றும் காய்க்கிறது. அதிலிருந்து ஒட்டுக்கட்டித் தோப்பு முழுக்க வைக்கலாம் என்றிருந்தேன். போன மாதம் ஒருவர் வந்து, “மரபணு சோதனை செய்து, புயல் தாங்கும் என்று கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்த கன்று” என்று ஐந்து மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா? என் மரம் ஏன் சாயவில்லை என்று அதன் மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: அந்தக் கன்றை வாங்க வேண்டாம் ஐயா. விற்பவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தக் கன்றின் தாய்மரங்கள் எந்த ஊரில், எத்தனை புயலைப் பார்த்தன? ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடி எந்த மரத்துக் கொட்டையில் வந்தது? இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. உங்கள் கிணற்றடி மரத்துக்கும் அதுதான் முக்கியமான கேள்வி.

ஒட்டுக்கட்டும்போது உங்கள் மரத்தின் குச்சி மேலே போகிறது. சுளையின் நிறம், இனிப்பு, காய்க்கும் பருவம் எல்லாம் அப்படியே வரும். வேர் மட்டும் உங்கள் மரத்துடையது இல்லை. நாற்றங்காலில் கிடைத்த ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த செடியின் வேர் அது. காற்றில் மரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர். தாத்தா வைத்த மரம் கொட்டையில் வந்தது, தலையும் வேரும் ஒரே உயிர். குச்சியை மட்டும் எடுத்து வேறு காலில் நிறுத்தினால் அந்தக் காலின் பலம்தான் இருக்கும்.

2012 பொங்கல் சமயத்தில் பண்ருட்டிச் சுற்றுவட்டாரத் தோப்புகளில் நடந்தேன். வேரோடு புரண்டு கிடந்த மரங்களின் அடியைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தாம்பாளத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி, சல்லிவேர் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்க வேண்டிய ஆணிவேர் இருக்காது. சிலவற்றில் கட்டைவிரல் கனத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. சின்ன பாலித்தீன் பையில் கன்றை அதிக நாள் வைத்தால் வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நட்ட பிறகு அந்தச் சுருள் நிமிர்வதில்லை. அடுத்த முறை கன்று வாங்கும்போது ஒரு பையைக் கிழித்துப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள்.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். இது ஏமாற்று வித்தை இல்லை, உண்மையான, அருமையான ஆராய்ச்சி. பலாவின் மரபணுத் தொகுதியைப் படித்து 2020-ஐ ஒட்டி வெளியிட்டுவிட்டார்கள், சுமார் 98 கோடி டி.என்.ஏ. எழுத்து. காட்டுமன்னார்கோவில் பக்கம் போடுகிற சி.ஆர். 1009 சப்1 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் பழைய ரகத்தில் இருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லில், வெள்ளத்தில் மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் தாங்க வைக்கும் மரபணு எது என்று 2006-இல் அடையாளம் கண்டார்கள். அதைக் கலப்பு மூலம் நம் ரகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மரபணு பெரிய வேலை செய்ததால் அது கைகூடியது. மரம் காற்றைத் தாங்குவது அப்படி இல்லை. வேரின் ஆழம், கட்டையின் கெட்டித்தன்மை, கவையின் கோணம், தலையின் கனம் என்று பல சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொடுக்கின்றன. அதனால்தான் மெஷின் லேர்னிங், அதாவது விவரங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் முறை, தேவைப்படுகிறது. நூற்றுக்கணக்கான மரங்களின் மரபணுவையும், அவை நிற்கும் இடத்தின் மழை, மண், வெயில், உப்பு விவரத்தையும் கொடுத்தால், எந்த மரபணு அடையாளம் எந்தச் சூழலோடு சேர்ந்து வருகிறது என்று அது தேடும். ரேண்டம் ஃபாரஸ்ட் என்று ஒரு முறை உண்டு. ஆம், இல்லை என்று கிளை பிரிக்கும் நூற்றுக்கணக்கான கணக்குகளைத் தனித்தனியாக ஓடவிட்டு, எல்லாவற்றின் முடிவையும் சேர்த்துப் பார்க்கும். இன்றைய மரம் நாளைய வெயிலுக்கும் மழைக்கும் எவ்வளவு பொருந்தாமல் போகும் என்று கணிக்கிற முறைகளும் வந்திருக்கின்றன.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஓர் ஊரில் நல்ல மரம் ஒன்று இருந்தால் சொந்தக்காரர், சம்பந்திகள் எல்லாம் கொட்டை வாங்கிப் போய் நடுவார்கள். அந்த ஊர்த் தோப்பு முழுக்கப் பங்காளி மரங்களாகிவிடும். ஊர் ஒரு மேட்டின் மறைவில் இருந்ததால் அவை புயலில் தப்பியிருக்கும். கம்ப்யூட்டரோ பங்காளிகளுக்குப் பொதுவான அடையாளத்தை எல்லாம் காற்றைத் தாங்கும் மரபணு என்று கணக்கெழுதிவிடும். உறவைக் கழித்துவிட்டுப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் பல ஊர் மரங்கள் வேண்டும். உங்கள் ஒரு மரத்தை மட்டும் சோதித்தால் எழுத்துகள் வரும், காரணம் வராது. கிணற்றடி என்கிறீர்கள். அந்தப் பக்கம் மண் ஆழமா? வெட்டிய மண்ணைக் கொட்டிய இடமா? மேல்நிலைத் தொட்டியோ வீடோ காற்றை மறித்ததா? புயலுக்கு முன் கிளை கழித்திருந்தீர்களா? தானே கரையேறியபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் பத்தடி தள்ளி இருப்பதே தலையெழுத்தை மாற்றிவிடும்.

இன்னொன்று. நின்ற மரத்தின் இலை நம்மிடம் இருக்கிறது, விழுந்ததை அறுத்து விற்றுவிட்டோம். இரண்டையும் ஒப்பிடாமல் எந்தக் கணக்கும் கற்றுக்கொள்ளாது. கடலூர் மாவட்டம் 2011-இல் இழந்தவற்றில் இதையும் நான் சேர்ப்பேன். ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. முறிந்து விழுந்து, அடிக்கட்டையில் இருந்து மறுபடி துளிர்த்த பலா உங்கள் தோப்பிலோ பக்கத்திலோ இருக்கிறதா? ஒட்டுக்கு மேலே துளிர்த்திருந்தால் அது விழுந்த மரத்தின் அதே மரபணு. ஆராய்ச்சிக்கு உங்கள் கிணற்றடி மரம் எவ்வளவு பெறுமோ, அதுவும் அவ்வளவு பெறும், வெட்டிவிடாதீர்கள்.

அடுத்த புயல் வந்தால், கடவுளே வேண்டாம், வந்தால் அறுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மரத்திலும் கொழுந்துக்கு அடுத்த இரண்டு இலையைக் காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். உலர்ந்த இலையில் டி.என்.ஏ. பல காலம் கெடாது. உறையின் மேல் வேரோடு புரண்டதா, தண்டு முறிந்ததா, எந்தப் பக்கம் விழுந்தது, நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, ஒட்டா, கொட்டைக்கன்றா என்று எழுதுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் இலையோ குச்சியோ கொடுக்கும் முன், அது உங்கள் மரம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் உழவர் தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம்.

தோப்புக்கு நான் சொல்வது இது. உங்கள் மரத்தின் கொட்டையையே வேர்ச்செடியாக்குங்கள். பலா அயல் மகரந்தத்தில் காய்ப்பது, அதனால் பிள்ளை அப்படியே தாயாக இருக்காது, ஆனாலும் வேரில் பாதி தாய்வழி. பையில் வளர்க்க வேண்டாம். நட வேண்டிய குழியிலேயே மூன்று கொட்டை ஊன்றி, வலுவான ஒன்றை விட்டு, அடுத்த ஆடியில் அங்கேயே உங்கள் மரத்துக் குச்சியை ஒட்டுக்கட்டுங்கள். ஆணிவேர் நேராக இறங்கும். மூன்று ஏக்கரையும் ஒரே தாயில் நிரப்பாதீர்கள். பாதிக்கு மேல் வேண்டாம், மீதிக்குப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர். 1 பலா ரகமும் உங்கள் ஊரில் நின்ற வேறு மரங்களும் இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் தாழ்வில் பலா வைக்கவே வேண்டாம்.

கொட்டையைக் காயப் போட்டுச் சேர்த்து வைக்க முடியாது, காய்ந்தால் முளைப்பு போய்விடும். இந்த ஆனியில் கிணற்றடி மரத்துப் பழம் வெட்டும் அன்றே பருத்த கொட்டையாகப் பொறுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, அதே வாரத்தில் ஊன்றிவிடுங்கள். குழியை அதற்கு முன்பே வெட்டி ஆற விட்டிருக்க வேண்டும்.