அரசே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டுமா, ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில். நான் திருப்பூர்க்காரன், எங்கள் ஊர்க் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது மாசம் பத்தாயிரம். முன்பு இந்த வரம்பு 72,000 தான். இன்னொரு பக்கம் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு இருக்கிறது. அதற்குப் பத்துப் பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

எங்கள் வீடும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் ஏழு மிஷின் ஓடும் ஒரு பவர்டேபிளில், அதாவது சின்னத் தையல் பட்டறையில், தைக்கிற பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைத்தார்கள். சனிக்கிழமை ஆனால் சம்பளம். இரண்டு பேர் கூலியையும் கூட்டினால் வரம்பு தாண்டிவிடும், இ.எஸ்.ஐ.யும் கிடையாது. 2019ல் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கோவை ஜி.எச். ஐம்பது கிலோமீட்டர், அவ்வளவு தூரம் கொண்டுபோக யாருக்கும் தைரியம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஸ்டென்ட் வைத்தார்கள். "காப்பீட்டு அட்டை இருக்குங்களா?" என்று கேட்டபோது அம்மா பதில் சொல்லவில்லை, கை மட்டும் கழுத்துக்குப் போனது. அடகு வைத்த தாலிக்கொடியை மீட்க மூன்று வருஷம் ஆனது. அதுவரை மஞ்சள் கயிறுதான்.

"வருமானத்தைக் கொறைச்சு எழுதி வாங்கியிருக்கலாமில்ல கண்ணு" என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பிற்பாடு கேட்டார். பீஸ் ரேட்டில் வருமானம் என்பது ஆர்டரைப் பொறுத்தது. ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. அதை ஒரு சான்றிதழில் அடக்கச் சொல்லி, உழைக்கிறவர்களைப் பொய் எழுத வைக்கிற இந்த விதி எனக்குப் பொறுக்கவில்லை.

காப்பீடு என்றால் வரிப்பணம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறதே என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அரசு மருத்துவமனையில் இதே அட்டையில் ஆபரேஷன் செய்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. அப்படி அரசு மருத்துவமனையில் நடக்கும் ஆபரேஷன்களை அதிகமாக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய குறை, அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். அப்பாவின் பிஸ்கட் டப்பா முழுக்க மாத்திரை அட்டைகள். முதல் வருஷம் எல்லாமே மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கியவை. அப்புறம் 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் வந்தது, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இது காப்பீடு இல்லை, அரசு நேராகச் செய்கிற வேலை. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஒரு குடும்பம் தாங்கும்.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்ச ரூபாய் காப்பீடு என்று கொண்டுவந்தது. வரம்பை எடுக்க முடியும் என்று அதிலேயே தெரிகிறது. நெஞ்சுவலி வந்தபோது எங்கள் அப்பாவுக்கு வயது 49.